நடவாத வரலாறும் நம்பத்தக்க நாடகமும்

"அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா" என்பது நம் நாட்டுப் பழமொழி. நடவாத ஒன்றைப் பற்றி "நடந்திருந்தால்" என்று பேசத் தொடங்குவோரின் வாயை அடைப்பதற்கு இதைக் காட்டிலும் சிறந்த சொல் இல்லை. வரலாற்றாசிரியர்களிற் பலரும் இப்பழமொழியின் கட்சியைச் சேர்ந்தவர்களே. நடந்ததை ஆராய்வதே தம் கடன், நடவாததைக் கற்பனை செய்வது கதை எழுதுவோர் தொழில் என்று அவர்கள் கூறுவர்.

எனினும், "நடந்திருந்தால்" என்னும் வினா மிகப் பழையது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி, மாவீரன் அலெக்சாந்தர் மேற்கே திரும்பி ரோமாபுரியைத் தாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தம் நூலிலேயே ஆராய்ந்தார். இரு தரப்புப் படைகளையும் தளபதிகளையும் எடை போட்டு, ரோமாபுரியே வென்றிருக்கும் என்று முடிவு கட்டினார். 1931-ஆம் ஆண்டு ஜே. சி. ஸ்குவயர் என்னும் ஆங்கில எழுத்தாளர் இத்தகைய கட்டுரைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். அதில் வின்ஸ்டன் சர்ச்சிலும் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இன்று இவ்வினாவைக் கையில் எடுத்துக் கொண்டிருப்பது தொலைக்காட்சி நாடகம். பல வாரங்கள், சில வேளை பல ஆண்டுகள் தொடர்ந்து வரும் தொடர்களாக இந்த 'மாற்று வரலாறு' நம் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

இவற்றைப் பார்க்கும் மாணவர் மனத்தில் எழும் முதற் கேள்வி, "இப்படி நடந்திருக்கக் கூடுமா?" என்பதே. அதற்கு விடை காணும் முறையைச் சில நாடகங்களைக் கொண்டு ஆராய்வோம்.

முதலில் ஓர் உவமை. திருவிழாவிலே பெருந்தேர் வீதியில் வருகிறது. மூலை திரும்ப வேண்டிய இடத்தில் ஒருவர் சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டையைக் கொடுக்கிறார். ஒரு முழ நீளமுள்ள அந்தக் கட்டை, மலை போன்ற தேரைத் திருப்பிவிடுகிறது. ஆனால், தேரை இழுப்பது முட்டுக்கட்டை அன்று. வடம் பிடிக்கும் நூற்றுக்கணக்கான மக்களே. வடம் பிடிப்பார் இல்லையெனில் ஆயிரம் முட்டுக்கட்டை கொடுத்தாலும் தேர் ஓர் அங்குலமும் நகராது. வரலாற்றைத் திருப்பும் சிறு நிகழ்ச்சி முட்டுக்கட்டை போன்றது. மக்கள் தொகை, தொழில் வளம், நில அமைப்பு, மக்கள் மனப்பான்மை ஆகியவை வடம் போன்றவை. மாற்று வரலாற்று நாடகம் ஒன்றை நிறுத்துப் பார்க்க இவ்விரண்டையும் தனித்தனியே நோக்க வேண்டும்.

'உயர்ந்த கோட்டையில் உள்ள மனிதன்' என்று பொருள்படும் 'தி மேன் இன் தி ஹை காசில்' என்னும் தொடரை எடுத்துக் கொள்வோம். பிலிப் கே. டிக் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1962-இல் எழுதிய நாவலின் அடிப்படையில் அமைந்த இத்தொடர், 2015 முதல் 2019 வரை நான்கு பருவங்களாக வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் ஜப்பானும் வென்று, அமெரிக்காவின் கிழக்குப் பகுதியை ஜெர்மனியும் மேற்குக் கரையை ஜப்பானும் பங்கிட்டு ஆள்கின்றன என்பது இதன் அடிப்படை. இம்மாற்றம் எங்கே தொடங்குகிறது? பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கொலையுண்டதில் தொடங்குகிறது.

இந்த முட்டுக்கட்டை வெறுங் கற்பனை அன்று. 1933-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள், மயாமி நகரத்துப் பூங்கா ஒன்றில், குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு இன்னும் பதவி ஏற்காதிருந்த ரூஸ்வெல்ட்டை நோக்கி ஜாங்காரா என்பவன் துப்பாக்கியால் ஐந்து முறை சுட்டான். குள்ளமானவன் ஆதலால், கூட்டத்தின் தலைகளுக்கு மேலே பார்க்க ஆட்டங்கண்ட நாற்காலி ஒன்றின் மேல் ஏறி நின்றான். அருகிலிருந்த லிலியன் கிராஸ் என்னும் பெண்மணி அவன் கையைத் தட்டிவிட்டதாக அக்காலச் செய்திகள் கூறின. குண்டுகள் வேறு ஐவர்மேற் பாய்ந்தன. அவர்களுள் ஒருவரான சிக்காகோ நகர மேயர் செர்மாக் மார்ச் 6-ஆம் நாள் உயிர் நீத்தார். ரூஸ்வெல்ட் காயமின்றித் தப்பி, மார்ச் 4-ஆம் நாள் பதவி ஏற்றிருந்தார்.

அந்த நாற்காலி ஆடாதிருந்தால்? கை தட்டப்படாதிருந்தால்? ரூஸ்வெல்ட் இறந்திருக்கலாம் என்பதை எவரும் மறுக்க இயலாது. அவருக்குப் பின் யார் வந்திருப்பார் என்பதும் நமக்குத் தெரியும். பதவி ஏற்குமுன் தலைவர் இறந்தால் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரே தலைவராவார் என்று கூறும் அரசியற் சட்டத் திருத்தம், அதற்கு 23 நாட்களுக்கு முன்பே, ஜனவரி 23-ஆம் நாள், நிறைவேறியிருந்தது. ஆகவே, டெக்சாசைச் சேர்ந்த ஜான் கார்னர் தலைவராகியிருப்பார். முட்டுக்கட்டை என்ற அளவில் இது மிகச் சிறந்தது: சிறியது, உண்மையில் நூலிழையில் தவறியது, உடனடி விளைவு தெளிவானது.

இனி வடத்தைப் பார்ப்போம். ரூஸ்வெல்ட் இல்லாத அமெரிக்கா பொருளாதார மந்தத்திலிருந்து மெல்லவே மீண்டிருக்கும், போருக்கு ஆயத்தமாகாமலே இருந்திருக்கும் என்று கொள்வோம். அதனால் மட்டும் ஜெர்மன் படை நியூயார்க்கில் வந்து இறங்கிவிடுமா? 1940-இல் அமெரிக்காவின் மக்கள் தொகை 13 கோடிக்கு மேல். மந்த நிலை நீங்காத 1938-இலும் உலகத் தொழில் உற்பத்தியில் அதன் பங்கு 100-க்கு ஏறத்தாழ 31 என்றும், ஜெர்மனியின் பங்கு 13-க்குச் சற்றுக் குறைவு என்றும் பொருளியல் வரலாற்றாசிரியர் கணித்துள்ளனர். தலைவர் ஒருவர் மறைவதால் ஆலைகளும் சுரங்கங்களும் மறைந்துவிடா.

கடலையும் அளந்து பார்க்க வேண்டும். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே உள்ள கால்வாய், குறுகிய இடத்தில் ஏறத்தாழ 34 கிலோமீட்டர் அகலமே உடையது. அதைக் கடந்து இங்கிலாந்தின்மீது படையெடுக்க ஹிட்லர் தீட்டிய திட்டம், 1940 செப்டம்பர் 17-ஆம் நாள் காலவரையின்றி ஒத்தி வைக்கப்பட்டது. வானிலும் கடலிலும் மேலாண்மை பெறாமல் அச்சிறு நீர்ப்பரப்பைக் கடக்க ஜெர்மனியால் இயலவில்லை. 1944 ஜூன் 6-ஆம் நாள் நேச நாடுகள் எதிர்த்திசையிற் கடந்தபோது, முதல் நாளில் ஏறத்தாழ 1,56,000 வீரரை இறக்குவதற்குச் சற்றேறக்குறைய 7,000 கலங்கள் தேவைப்பட்டன. பிரான்சின் மேற்குக் கரையிலிருந்து நியூயார்க் வரை உள்ள கடலோ 5,000 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. கால்வாயைக் கடக்க இயலாதவர் பெருங்கடலைக் கடந்ததாகக் கூறும்போது, பார்ப்பவர் கணக்குக் கேட்பது நியாயமே.

நாடக ஆசிரியர்கள் இத்தடையை உணராமலில்லை. ஜெர்மனி முதலில் அணுகுண்டு செய்து வாஷிங்டன் நகரின்மேல் வீசியது என்று தொடரிற் கூறுகின்றனர். ஆனால், இங்கே வேறொரு சிக்கல் எழுகிறது. யுரேனிய அணுவைப் பிளக்கலாம் என்னும் கண்டுபிடிப்பு 1938-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியில்தான் நிகழ்ந்தது. அதன் பொருளை விளக்கிய லிசே மைட்னர் அம்மையாரோ, யூத இனத்தவராகப் பிறந்த காரணத்தால், அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அந்நாட்டை விட்டுத் தப்பியோடியிருந்தார். அவரைப் போன்ற அறிஞர் பலரை நாட்டை விட்டு விரட்டும் வேலை 1933 ஏப்ரலிலேயே சட்ட வடிவில் தொடங்கிவிட்டது. ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரி 30-ஆம் நாள்; மயாமியில் துப்பாக்கி வெடித்தது அதற்கு 16 நாட்களுக்குப் பின். மயாமிக் குண்டு குறி தவறாமற் பட்டிருந்தாலும் பெர்லினில் நடந்தவை மாறியிருக்கப் போவதில்லை. அணுகுண்டு செய்ய அமெரிக்கா ஈடுபடுத்திய ஆட்கள் உச்ச நிலையில் ஏறத்தாழ 1,30,000 பேர். செலவு ஏறத்தாழ 200 கோடி டாலர். அறிஞரைத் துரத்திய ஆட்சி, கிழக்கே சோவியத் நாட்டோடும் போரிட்டுக்கொண்டு இத்தகைய முயற்சியையும் முடித்திருக்கும் என்பது நம்புதற்கு அரிது.

ஆகவே, இந்நாடகத்தில் முட்டுக்கட்டை மெய். தேர் சென்று சேர்ந்த தெரு பொய். அடிமைப்பட்ட மக்கள் உள்ளத்தைக் காட்டுவதே ஆசிரியர் நோக்கம். படையெடுப்புக் கணக்கு அவர் நோக்கமன்று. அந்த அளவில் அவரை மன்னிக்கலாம். வரலாறு கற்கும் மாணவர் மட்டும் இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

இரண்டாவது நாடகம், 'மனிதகுலம் அனைத்திற்காகவும்' என்று பொருள்படும் 'பார் ஆல் மேன்கைண்ட்'. 2019 நவம்பரில் வெளிவரத் தொடங்கிய இத்தொடரில், சந்திரனில் முதலிற் கால் வைப்பவர் அமெரிக்கர் அல்லர். சோவியத் வீரர் அலெக்சி லியோனோவ். சோவியத் ராக்கெட் துறையின் தலைமை அமைப்பாளரான செர்கேய் கோரலேவ் இறவாமல் வாழ்ந்தார் என்பதே இம்மாற்றத்தின் வேர் என்று படைப்பாளர் விளக்கியுள்ளனர்.

கோரலேவ் 1966 ஜனவரி 14-ஆம் நாள், தம் 59-ஆம் வயதில், அறுவை சிகிச்சையின்போது இறந்தார். அவர் வாழும்வரை அவர் பெயரைக் கூடச் சோவியத் அரசு உலகுக்கு வெளியிடவில்லை. ஒரு சிகிச்சை வெற்றி பெறுவதும் தோல்வியுறுவதும் நூலிழை வேறுபாடே. ஆகவே, இங்கும் முட்டுக்கட்டை நல்லது. வடம் எப்படி? சந்திரனுக்கு மனிதரை அனுப்பும் முடிவைச் சோவியத் அரசு 1964 ஆகஸ்டில்தான் எடுத்தது. அமெரிக்கா 1961-லேயே அதை அறிவித்துவிட்டது. எரிபொருள் எது என்பது பற்றிக் கோரலேவுக்கும் எஞ்சின் அமைப்பாளர் குளுஷ்கோவுக்கும் தீராத பகை இருந்தது. அவர்கள் அமைத்த என்-1 என்னும் ராக்கெட்டின் அடிப்பகுதியில் 30 எஞ்சின்கள். அவை அனைத்தையும் ஒருங்கே தரையில் இயக்கிச் சோதிக்கும் வசதி செய்யப்படவில்லை. முதல் ஏவுதல் 1969 பிப்ரவரி 21-ஆம் நாள் தோல்வியுற்றது. இரண்டாவது, அதே ஆண்டு ஜூலை 3-ஆம் நாள், வெடித்து ஏவுதளத்தையே நாசமாக்கிற்று. பதினேழு நாட்களுக்குப் பின், ஜூலை 20-இல், அமெரிக்கர் சந்திரனில் இறங்கினர்.

இக்குறைகளிற் பல கோரலேவ் உயிரோடிருந்தபோதே வேரூன்றியவை. அவர் வாழ்ந்திருந்தால் சில குறைந்திருக்கலாம். ஆனால், ஒருவர் உயிரால் மூன்றாண்டுத் தாமதமும் பணப் பற்றாக்குறையும் அமைப்பாளர் பூசலும் ஒருங்கே நீங்கியிருக்கும் என்பது ஐயத்திற்குரியது. என்றாலும், அமெரிக்கப் படையெடுப்பைக் காட்டிலும் இது எவ்வளவோ நெருக்கமான கற்பனை. போட்டியில் இருவரும் ஒரே பாதையில் ஓடிக் கொண்டிருந்தனர். முன்பின் மாறியது என்பது, ஓடாதவனே வென்றான் என்பதைப் போன்றதன்று.

இந்நாடகத்தின் உண்மைச் சிறப்பு, பின்விளைவுகளில் உள்ளது. சோவியத் நாடு ஒரு பெண்ணையும் சந்திரனுக்கு அனுப்ப, அமெரிக்காவும் விரைந்து பெண்களுக்குப் பயிற்சி அளிக்கிறது. இது நம்பத்தக்கதா? நடந்த வரலாற்றைக் கேளுங்கள். 1960-க்கும் 1961-க்கும் இடையே அமெரிக்கப் பெண் விமானிகள் 13 பேர், விண்வெளி வீரர்க்கு நடந்தவை போன்ற மருத்துவச் சோதனைகளில் தேறினர். அவை அரசு சாராச் சோதனைகள். ஜெட் விமானச் சோதனை ஓட்டிகளாக இருந்தோரையே தேர்ந்தெடுப்பது என்பது விதி. பெண்களுக்கோ அப்பணியே மறுக்கப்பட்டிருந்தது. அதனால் கதவு அடைபட்டது. சோவியத் நாட்டு வாலன்டினா தெரஷ்கோவா 1963-இல் விண்வெளி சென்றார். அமெரிக்கப் பெண் ஒருவர் செல்ல 1983 ஆயிற்று. இடையிலிருந்த 20 ஆண்டுகளுக்குக் காரணம் திறமைக் குறைவன்று. ஒரு விதியும் ஒரு மனப்பான்மையுமே. நாடகம் புதிதாக எதையும் உண்டாக்கவில்லை. வாயிலில் காத்து நின்றவர்களை உள்ளே அழைத்தது, அவ்வளவே. நல்ல மாற்று வரலாற்றின் அடையாளம் இதுவே.

மூன்றாவது நாடகம் நம்மை இன்னும் ஆழ்ந்து சிந்திக்கச் செய்வது. 'அமெரிக்காவுக்கு எதிரான சதி' என்று பொருள்படும் 'தி பிளாட் அகெயின்ஸ்ட் அமெரிக்கா', பிலிப் ராத் 2004-இல் எழுதிய நாவல். 2020-இல் ஆறு பகுதிகள் கொண்ட தொடராக வந்தது. 1927-இல் அட்லாண்டிக் கடலைத் தனியே பறந்து கடந்து புகழ் பெற்ற சார்லஸ் லிண்ட்பர்க், 1940 தேர்தலில் ரூஸ்வெல்ட்டைத் தோற்கடித்துத் தலைவராகிறார் என்பது கதை. நியூவர்க் நகரத்து யூதக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குள்ளிருந்தே அதன் விளைவை நாம் காண்கிறோம்.

லிண்ட்பர்க் தேர்தலில் நின்றதே இல்லை. ரூஸ்வெல்ட் அவ்வாண்டில் 449 தேர்வாளர் வாக்குகளைப் பெற்றார். எதிர்த்த வெண்டல் வில்கி பெற்றவை 82. மக்கள் வாக்கிலும் ஏறத்தாழ 50 லட்சம் வேறுபாடு. இதை மாற்றுவது எளிதன்று. ஆனால், வில்கி என்பவர் யார்? எப்பதவிக்கும் முன்னர்த் தேர்ந்தெடுக்கப்படாத வணிக நிறுவனத் தலைவர். சில காலத்திற்கு முன்வரை எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர். அத்தகையவரைக் கட்சி மாநாடு ஆறாம் சுற்றில் வேட்பாளராக்கியது. அது நடந்திராவிடில் அதையும் நாம் வெறுங் கற்பனை என்றே கூறியிருப்போம்! புகழ்பெற்ற விமானி ஒருவரை அம்மாநாடு தேர்ந்தெடுத்திருக்கும் என்பது அதைவிட வியப்பானதன்று.

வடம் பிடிக்க ஆட்களும் இருந்தனர். போரிற் சேரக் கூடாது என்று 1940 செப்டம்பரில் தோன்றிய 'அமெரிக்கா முதலில்' என்னும் குழுவில் ஏறத்தாழ 8,00,000 பேர் உறுப்பினராயினர். 1941 செப்டம்பர் 11-ஆம் நாள் டிமாய்ன் நகரில் பேசிய லிண்ட்பர்க், நாட்டைப் போருக்கு இழுப்போர் என்று பிரிட்டிஷாரையும் ரூஸ்வெல்ட் அரசையும் யூதரையும் குற்றஞ்சாட்டினார். இவை யாவும் நடந்தவை.

தொடரில் லிண்ட்பர்க் அரசு வதை முகாம்களை உடனே கட்டிவிடவில்லை. நகரத்து யூதச் சிறுவரைக் கிராமத்துக் குடும்பங்களில் தங்க வைக்கும் திட்டம் முதலில் வருகிறது. பின்பு, குடும்பங்களையே தொலைவிலுள்ள ஊர்களுக்கு மாற்றும் திட்டம். ஒவ்வொன்றும் இனிய பெயருடன், நன்மை செய்வது போன்ற தோற்றத்துடன் வருகிறது. "சட்டம் மதிக்கப்படும் நாட்டில் குடிமக்களை இவ்வாறு பெயர்த்தெறிய விடுவார்களா?" என்று நாம் ஐயுறலாம். விடை, நடந்த வரலாற்றில் உள்ளது. 1942 பிப்ரவரி 19-ஆம் நாள் பிறந்த ஓர் ஆணையால், ஜப்பானிய வழித்தோன்றலான ஏறத்தாழ 1,20,000 பேர் அமெரிக்க மேற்குக் கரையிலிருந்து அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். ஆணையில் கையெழுத்திட்டவர் லிண்ட்பர்க் அல்லர்; ரூஸ்வெல்ட்டே. கற்பனை ஓர் இனத்துக்கு நேர்ந்ததாகக் கூறியதைப் போன்ற ஒன்று, அதே ஆண்டில், வேறோர் இனத்துக்கு மெய்யாகவே நேர்ந்தது. தேர்தற் கணக்கில் தளர்ச்சியுடைய இந்நாடகம், மனித இயல்பைப் பற்றிய கணக்கில் அசையாது நிற்பது இதனாலேயே.

இங்கிலாந்தை ஜெர்மனி பிடித்ததாகக் கூறும் 'எஸ்எஸ்-ஜிபி' என்னும் பிபிசி தொடரும் (2017) இவ்வகைப்பட்டது. படையெடுப்பின் இடர்ப்பாட்டை முன்னரே கண்டோம். ஆயினும், வென்றவருக்குக் கீழே பணியைத் தொடரும் லண்டன் காவல் அதிகாரி பொய்யானவர் அல்லர். பிரிட்டிஷ் முடியாட்சிக்கு உட்பட்ட கால்வாய்த் தீவுகளை ஜெர்மனி 1940 ஜூன் 30 முதல் 1945 மே வரை உண்மையிலேயே ஆண்டது. அங்கே உள்ளூர் அதிகாரிகளும் காவலரும் தம் நாற்காலியிலேயே அமர்ந்து புதிய ஆணைகளைப் பதிவு செய்தனர். யூதரைக் கணக்கெடுக்கும் ஆணையும் அவற்றுள் ஒன்று. கெர்ன்சித் தீவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட மூன்று யூதப் பெண்கள் பின்னர் ஆஷ்விட்சில் மாண்டனர்.

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? நடவாத கதைக்கு நம்பிக்கை தருவது நடந்த வரலாற்றில் அதற்குள்ள வேர். இத்தகைய நாடகத்தைப் பார்க்கும் மாணவர், திருப்பிய கட்டை சிறியதா, உண்மையில் அருகில் இருந்ததா என்று முதலிற் கேட்க வேண்டும். இழுத்த வடத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். கடைசியாக, இம்மனிதர் இவ்வாறு நடந்ததற்கு வேறெங்கேனும் மெய்யான சான்று உண்டா என்று தேட வேண்டும். தேடுவோர் நூலகத்துக்குச் செல்ல நேரும். நாடகம் செய்யக்கூடிய பெரிய உபகாரம் அதுவே.

இவ்வினாக்களைக் கேளாதோர் இரு தவறுகளுள் ஒன்றில் வீழ்வர். நடந்ததெல்லாம் விதி, வேறு விதமாக நடந்திருக்கவே இயலாது என்பது ஒன்று. அவ்வாறாயின், கொலைகாரன் கையைத் தட்டிய பெண்மணிக்கும் வாளாவிருந்தவர்க்கும் வேறுபாடில்லை. எதுவும் எப்படியும் நடந்திருக்கலாம், எல்லாம் ஒரு குண்டின் விளையாட்டு என்பது மற்றொன்று. அவ்வாறாயின், வடம் பிடித்த இலட்சக்கணக்கானோர் தம் பொறுப்பை ஒருவன் தலையிற் கட்டிவிட்டு எளிதில் தப்பிவிடுவர். தேர் எத்தெருவில் திரும்பிற்று என்று கேட்கும்போதே, வடத்தில் யார் கை இருந்தது என்றும் கேட்பதே வரலாற்றுக் கல்வி. அக்கேள்வி கடந்த காலத்தோடு நின்றுவிடுவதில்லை. இன்றும் ஏதேனும் ஒரு வடம் நம் கையில் இருக்கிறது.